முழங்கைக்கு எத்தனை ஆட்டம்? ரொனால்டோ தடையும் ஆடுகள அடிதடியும்

உப்பளம் விசில்:
அயர்லாந்து ஆட்டத்தில் ரொனால்டோ வாங்கிய ரெட் கார்டுக்கு 2025 நவம்பரில் ஃபிஃபா முடிவு வந்தது. மூன்று ஆட்டத் தடை. ஆனால் அதில் இரண்டை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்துவிட்டார்கள். மீதி ஒன்று ஆர்மீனியா ஆட்டத்தோடு கழிந்துவிட்டது. அதில் போர்ச்சுகல் 9-1 என்று ஜெயித்தது, அவர் இல்லாத குறையே தெரியவில்லை. டப்ளினில் அயர்லாந்தின் டாரா ஓ'ஷே மீது முழங்கையை இறக்கியதற்கு விலை அவ்வளவுதான். 2026 உலகக்கோப்பையில் முதல் ஆட்டத்திலேயே இறங்க வழி கிடைத்தது.

நான் புதுச்சேரி, கடலூர் சுற்றுவட்டாரத்தில் விசில் ஊதுகிறவன். கிரவுண்டில் மழைத் தண்ணீர் வடிகிற வரை வேலை இல்லை, அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஆட்ட விதிகளில் 12-வது விதி தெளிவாகத்தான் இருக்கிறது. பந்துக்குப் போட்டி போடும்போது எதிராளியின் உடம்புக்கு ஆபத்து வருகிற மாதிரி பாய்ந்தால் அது ஒரு வகை. பந்தை எடுக்கிற எண்ணமே இல்லாமல் குத்துவது, உதைப்பது, முட்டுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ரெட் கார்டு. இரண்டாவது வகையில் அடி மேலே படக்கூட வேண்டாம், ஓங்கினாலே போதும். வாங்குகிறவன் எதிராளியா, சொந்த டீம்காரனா, ரெஃப்ரியா, கேலரியில் உட்கார்ந்திருக்கிறவனா என்பதும் கணக்கில்லை.

விதி இவ்வளவு நேராக இருந்தும் தண்டனை ஏன் இப்படிக் கோணலாகப் போகிறது? 1982 உலகக்கோப்பை அரையிறுதியில் ஜெர்மன் கீப்பர் ஷூமாக்கர் மோதிய மோதலில் பிரான்சின் பத்திஸ்தோன் நினைவிழந்து விழுந்தார், பல்லும் போயிற்று. ரெஃப்ரி கொடுத்தது கோல் கிக்! ஃபவுல்கூட இல்லை. 2010 இறுதி ஆட்டத்தில் ஹாலந்தின் டி யோங் ஸ்பெயினின் சாபி அலோன்சோவின் நெஞ்சில் ஸ்டட் படிய உதைத்தார், மஞ்சள் அட்டையோடு போயிற்று. 2014-ல் உருகுவேயின் சுவாரெஸ் இத்தாலியின் கியெல்லினியின் தோளைக் கடித்ததை ரெஃப்ரி பார்க்கவே இல்லை. அதற்கு 9 சர்வதேச ஆட்டம், நான்கு மாதம் கால்பந்துப் பக்கமே வரக்கூடாது, ஒரு லட்சம் சுவிஸ் பிராங்க் அபராதம்.

அடித்தவன் யார், எத்தனை கேமரா பார்த்தது, அடிபட்டவன் எழுந்து நடந்தானா என்று பார்த்துத்தான் தண்டனை தருகிறார்கள். என்ன செய்தான் என்பது கடைசியில் வருகிறது. மறுக்கிறவர்கள் வரலாம்.

வில்லியனூர் சிஆர்7:
வந்துட்டேன் அண்ணே. 226 சர்வதேச ஆட்டம், இதுதான் முதல் ரெட். கோர்ட்டில் முதல் குற்றத்துக்கு நன்னடத்தையில் விடுவதில்லையா? மூன்று ஆட்டம் என்று போட்டுவிட்டுத்தானே இரண்டை நிறுத்தியிருக்கிறார்கள். ஓராண்டுக்குள் இன்னொரு தடவை இதே மாதிரி செய்தால் அந்த இரண்டும் தலையில் விழும், புதுத் தண்டனையும் சேரும். அப்புறம் சுவாரெஸ் கதையில் பாதியை விட்டுவிட்டீர்கள். அது அவருடைய மூன்றாவது கடி. 2010-ல் ஹாலந்தில் பக்காலைக் கடித்து 7 ஆட்டம், 2013-ல் இவானோவிச்சைக் கடித்து 10 ஆட்டம். மூன்றாவது தடவைக்கு நான்கு மாதம் போட்டதில் என்ன கோணல்?

உப்பளம் விசில்:
முதல் குற்றத்துக்குச் சலுகை தரட்டும் தம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர் தெரியாத ஒரு லெஃப்ட் பேக்குக்கும் அதே சலுகை கிடைக்குமா என்று மட்டும் சொல். நிறுத்தி வைத்த இரண்டும் எந்த ஆட்டங்கள்? உலகக்கோப்பையின் முதல் இரண்டு. அது தற்செயலா?

வில்லியனூர் சிஆர்7:
டிக்கெட் விற்க வேண்டாமா 😀

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
சிரிப்பானுக்குள் உண்மையைச் சொல்லிவிட்டாய் தம்பி.

விசில் அண்ணன் தொடாத ஒரு ஓட்டையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ரொம்ப நாளாக ஒரு பழக்கம் இருந்தது. சம்பவத்தை ஆட்ட அதிகாரிகளில் ஒருவர் பார்த்துவிட்டால், தப்பாகப் பார்த்திருந்தாலும் சரி, பிறகு அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் அதைக் கிளறாது. 2013 மார்ச்சில் விகன் ஆட்டக்காரர் மெக்மனமன், நியூகாசிலின் ஹைதாராவின் முட்டியில் ஏறி இறங்கினார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கார்டு இல்லை. பிறகும் நடவடிக்கை இல்லை, ஏனென்றால் இருவரும் மோதியதை ஒரு அதிகாரி பார்த்திருந்தாராம். பார்த்தவருக்கு என்ன தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ரெஃப்ரி திரும்பி நின்றிருந்தால் அந்த ஆள் மாட்டியிருப்பார்!

அதற்கு விலக்காக நடந்ததும் உண்டு. 2006 ஆகஸ்டில் மான்செஸ்டர் சிட்டியின் பென் தாட்சர், போர்ட்ஸ்மவுத்தின் பெட்ரோ மென்டெஸ் முகத்தில் முழங்கையை இறக்கினார். மென்டெஸுக்கு நினைவு தப்பி, ஆம்புலன்ஸில் வலிப்பும் வந்தது. ரெஃப்ரி காட்டியது மஞ்சள். டிவியில் திரும்பத் திரும்பப் போட்டதும் சங்கம் இதைத் தனி வழக்காக எடுத்து 8 ஆட்டம் தடை போட்டது, இன்னொரு 15-ஐ நிறுத்தி வைத்தது. டிவி இல்லாவிட்டால் மஞ்சளோடு முடிந்திருக்கும்.

நான் பின்னால் நின்று ஆடுகிறவன். ஒரு ஃபார்வேர்டு பந்தைத் தட்டிவிட்டுப் போகும்போது முழங்கையைப் பின்னால் விடுவான். அது யாருக்கும் தெரியாது, என் விலாவுக்குத் தெரியும். எனவே முழங்கைப் பேச்சில் எனக்கு இரக்கம் குறைவு.

சொல்தா பேரன்:
புதுச்சேரியில் இந்தப் பேச்சு எடுத்தால் ஜிதானில்தான் வந்து நிற்கும், எடுத்து வைத்துவிடுகிறேன். 2006 உலகக்கோப்பை இறுதி ஆட்டம், பெர்லின், 110-வது நிமிடம். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வீட்டில் யாராவது ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர். அந்த இரவு அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன். இத்தாலியின் மத்தெராசிமேல் ஜிதான் தலையால் முட்டியதைப் பற்றி எங்கள் தாத்தா சொன்னது ஒன்றுதான்: "அவன் என்ன சொன்னான்னு கேளுங்க."

ஃபிஃபாவும் கேட்டது. ஜிதானுக்கு 3 ஆட்டம், 7,500 பிராங்க். மத்தெராசிக்கு 2 ஆட்டம், 5,000 பிராங்க். தலையால் முட்டியவனுக்கு மூன்று, வாயால் முட்டியவனுக்கு இரண்டு. ஜிதான் அத்தோடு ஓய்வு பெற்றுவிட்டதால் தடைக்கு அர்த்தமே இல்லை. அதற்குப் பதிலாக மூன்று நாள் பிள்ளைகளோடு சமூக வேலை. அந்தப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தும் அவருக்கே.

இதைத் தப்பு என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. சீண்டியவனைச் சேர்த்துத் தண்டித்தது சரி என்றே நினைக்கிறேன். பெரும்பாலான வழக்குகளில் இரண்டாவது செய்கிறவன்தான் மாட்டுவான், முதலில் கிள்ளியவன் தரையில் உருண்டுகொண்டு இருப்பான்.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
ஜிதான் என்பதால் விடுகிறீர்கள். அதே முட்டலை செர்ஜியோ ராமோஸ் செய்திருந்தால் இந்த இழையில் தூக்குத் தண்டனை கேட்டிருப்பீர்கள்.

சொல்தா பேரன்:
ராமோஸுக்குத் தூக்கு இல்லை, ஆயுள் 😄

ஓ.டி. கோல்கீப்பர் (பொண்ணுதான்):
அண்ணன்களுக்கு வணக்கம். ஒரு விஷயம் கேட்கணும்.

சின்ன வயதில் சந்தியா ரங்கநாதன் அக்கா கடலூரிலிருந்து இந்திய அணிக்குப் போனதைப் பார்த்துத்தான் நான் க்ளவுஸ் மாட்டினேன். என் தம்பி எனக்கு முன்னாலேயே ஆட ஆரம்பித்தவன். ஒரு மின்னொளி செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர்), ரொக்கப் பரிசு ஆட்டம், பந்து தாண்டிப் போன பிறகு ஒருவன் வந்து அவன் கணுக்காலுக்கு மேலே இரண்டு காலையும் போட்டான். எலும்பு இரண்டு துண்டு. ரெஃப்ரி கார்டு காட்டினார். அடித்தவன் அரையிறுதியில் உட்கார்ந்தான், இறுதி ஆட்டத்தில் இறங்கிக் கோப்பை வாங்கினான். தம்பி தட்டு வைத்த காலோடு இப்போது செல்ஃபோன் கடையில் நிற்கிறான், ஓட முடியாது. நிர்வாகம் ஒரு பழக்கூடை கொடுத்தது.

விசில் அண்ணன் 'என்ன செய்தான் என்று பார், என்ன ஆயிற்று என்று பார்க்காதே' என்கிறார். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒருவனின் காலம் முழுவதும் போயிருக்கிறது, மற்றவனுக்கு ஒரே ஒரு ஆட்டமா? அடிபட்டவன் திரும்ப வரும்வரை அடித்தவனும் உட்காரட்டும். பெரிய லீக்கிலும் இதைக் கேட்கிறார்கள்தானே?

உப்பளம் விசில்:
கேட்கிறார்கள்மா. உன் தம்பிக்கு நடந்தது அக்கிரமம், அதில் பேச்சே இல்லை. ஆனாலும் அந்த விதி வேண்டாம் என்றே சொல்வேன்.

2019 நவம்பர், டாட்டன்ஹாம் - எவர்டன். டாட்டன்ஹாமின் சன் பின்னாலிருந்து எவர்டனின் ஆந்த்ரே கோமெஸின் காலைத் தட்டினார். சாதாரண ஃபவுல். தடுமாறிய கோமெஸ் இன்னொருவனோடு மோதி, கணுக்கால் திரும்பிக் கிடந்தது. மஞ்சளை எடுத்த ரெஃப்ரி சிவப்புக்கு மாற்றினார். சன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுததைப் பார்த்திருப்பாய். அப்பீலில் அந்த சிவப்பு ரத்தானது, சரியாகத்தான் ரத்தானது. நீ சொல்கிற விதி இருந்தால் சன் மாதக்கணக்கில் வீட்டில் இருந்திருப்பார். தாட்சரோ, மென்டெஸ் எப்போது திரும்பினாரோ அப்போதே திரும்பியிருப்பார். கடித்த சுவாரெஸ் மறுநாளே ஆடலாம், கியெல்லினிக்குத்தான் ஒன்றும் ஆகவில்லையே. அடிக்கிறவனுடைய தண்டனை அடிபட்டவனின் எலும்பு வலுவைப் பொறுத்துப் போய்விடும்.

இன்னொன்று, கிளப்புகள் எப்படிப்பட்டவை என்று தெரியும். ரிசர்வ் பையன் ஒருவன் அடிபட்டான், அடித்தவன் எதிர் அணியின் நட்சத்திரம் என்று வைத்துக்கொள். அந்தப் பையன் குணமானாலும் 'இன்னும் குணமாகவில்லை' என்று சான்றிதழ் வரும்.

ஓ.டி. கோல்கீப்பர் (பொண்ணுதான்):
சன் விஷயம் ஏற்கிறேன். ஆனால் 2008-ல் ஆர்செனலின் எடுவர்டோ காலை முறித்த மார்ட்டின் டெய்லருக்கு மூன்று ஆட்டம்தானே? எடுவர்டோ திரும்ப ஏறக்குறைய ஒரு வருஷம். மூன்றையும் ஒரு வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவுகோல் உடைந்திருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை.

உப்பளம் விசில்:
அளவுகோல் உடைந்ததுதான். காயத்தை வைத்து ஒட்டப் பார்க்கிறாய், அதைத்தான் மறுக்கிறேன். ரக்பியில் பாருங்கள். ஒவ்வொரு குற்றத்துக்கும் கீழ், நடு, உச்சம் என்று மூன்று படி. முதலில் எந்தப் படி என்று முடிவு செய்கிறார்கள். வேண்டுமென்றே செய்ததா, தலையில் பட்டதா, அடிபட்டவனுக்கு என்ன ஆயிற்று எல்லாம் அங்கே வந்துவிடும். அதற்குப் பிறகு முதல் குற்றம், ஒப்புக்கொண்டது, வருத்தம் தெரிவித்தது என்று குறைக்கலாம், பொதுவாகப் பாதிக்கு மேல் குறைக்க முடியாது. காயமும் கணக்கில் வருகிறது, அது ஒன்றே கணக்காகவும் இல்லை. ரொனால்டோவுக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் மூன்றில் பாதிதான் போயிருக்கும், மூன்றில் இரண்டு போயிருக்காது.

வில்லியனூர் சிஆர்7:
மூன்றில் பாதி ஒன்றரை ஆட்டம் அண்ணே. இடைவேளைக்கு இறங்கலாமா?

முத்தியால்பேட்டை மூர்த்தி:
நடுவில் நுழைகிறேன். ராய் கீனை யாரும் எடுக்கவில்லையே. 2001 ஏப்ரல், மான்செஸ்டர் யுனைடெட் - சிட்டி ஆட்டம், சிட்டியின் ஆல்ஃபி ஹாலண்டின் முட்டிக்கு வைத்தார். (இப்போதைய எர்லிங் ஹாலண்டின் அப்பா.) அன்றைக்கு ரெட், 3 ஆட்டம், 5,000 பவுண்டு. மறுவருஷம் சுயசரிதையில் வேண்டுமென்றேதான் செய்தேன் என்கிற தொனியில் எழுதினார். சங்கம் திரும்ப அழைத்து இன்னும் 5 ஆட்டம், 1,50,000 பவுண்டு. செய்ததைவிட எழுதியதற்குத்தான் தண்டனை ஜாஸ்தி! கமுக்கமாக இருந்திருந்தால் 5,000-த்தோடு முடிந்தது.

இதைச் சொல்வது எதற்கென்றால், 'வேண்டுமென்றே' என்பதை எந்தக் கமிட்டியாலும் நிரூபிக்க முடிவதில்லை. ஆளே புத்தகம் போட்டுச் சொன்னால்தான் உண்டு.

சொல்தா பேரன்:
மான்செஸ்டர் யுனைடெட்டின் கான்டொனாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1995 ஜனவரி, கேலரியில் இருந்த ரசிகனைப் பாய்ந்து உதைத்தார். கிளப்பே அந்த சீசன் முழுவதும் உட்கார வைத்தது, சங்கம் அதை செப்டம்பர் கடைசி வரை நீட்டியது. கோர்ட்டில் இரண்டு வாரச் சிறை என்று சொல்லி, அப்பீலில் 120 மணி நேர சமூக சேவையாக மாறியது. நட்சத்திரத்தை யாரும் தொடமாட்டார்கள் என்பதும் முழு உண்மை இல்லை.

உப்பளம் விசில்:
பார்த்தீர்களா, உதை வாங்கியவன் ரசிகன். ஆட்டக்காரன் அதே உதையை வாங்கியிருந்தால் எட்டு மாதம் வருமா? ரெஃப்ரியைத் தொட்டாலும் அப்படித்தான். 1998-ல் டி கானியோ ரெஃப்ரியைத் தள்ளினார், 11 ஆட்டம். 2023-ல் மிட்ரோவிச் ரெஃப்ரி கையைப் பிடித்துத் தள்ளினார், 8 ஆட்டம். எதிராளியின் காலை உடைத்தால் மூன்று.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
விசில்காரருக்கே இது அதிகமாகப் படுகிறதா? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

உப்பளம் விசில்:
ரெஃப்ரிக்கு 11 அதிகம் இல்லை தம்பி, எதிராளிக்கு மூன்று குறைவு.

பாகூர் வக்கீல்:
ரொம்ப நேரமாகப் படித்துக்கொண்டு இருந்தேன். எல்லோரும் சங்கம், கமிட்டி, ஃபிஃபா என்றே பேசுகிறீர்கள். மைதானக் கோட்டுக்குள் நுழைந்ததும் நாட்டுச் சட்டம் வெளியே நின்றுவிடுவதில்லை.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 87-வது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 25. பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் சம்மதித்து ஏற்றுக்கொண்ட தீங்கு குற்றமாகாது என்கிறது. சாவையோ கொடுங்காயத்தையோ உண்டாக்கும் நோக்கம் இருக்கக்கூடாது, அப்படி ஆகக்கூடும் என்று செய்கிறவனுக்குத் தெரிந்தும் இருக்கக்கூடாது. அதற்கு அந்தக் காலத்திலேயே கொடுத்த உதாரணம் ஒரு விளையாட்டுத்தான்: இரண்டு பேர் பொழுதுபோக்குக்காக வாள் சுழற்ற ஒத்துக்கொள்கிறார்கள், கள்ளாட்டம் இல்லாமல் ஆடும்போது ஒருவனுக்குக் காயம் பட்டால் மற்றவன் குற்றவாளி இல்லை. 'கள்ளாட்டம் இல்லாமல்' என்கிற நிபந்தனையைக் கவனியுங்கள். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம். பந்து போன பிறகு இரண்டு காலையும் போட்டவன் இந்தப் பிரிவுக்குப் பின்னால் ஒளிவது கஷ்டம்.

வெளிநாட்டில் நடந்திருக்கிறது. 1994-ல் ரேஞ்சர்ஸின் டங்கன் ஃபெர்குசன் எதிராளியைத் தலையால் முட்டினார். அன்றைக்குக் கார்டே இல்லை. ஸ்காட்லாந்து சங்கம் 12 ஆட்டம் போட்டது. கோர்ட் மூன்று மாதச் சிறை கொடுத்தது, 44 நாள் உள்ளே இருந்தார். அவர் ஏற்கனவே வேறு வழக்கில் நன்னடத்தைப் பிணையில் இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு நெருக்கமான வழக்கு ஹாலந்தில். 2004 டிசம்பரில் ஸ்பார்ட்டா ராட்டர்டாமின் புவாவுசான் பாய்ந்ததில் கோக்மெய்யரின் கால் முறிந்து, அவர் ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. கோர்ட் ஆறு மாதச் சிறை விதித்து நிறுத்தி வைத்தது. 2008-ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதுவும் பந்துக்குப் போன டாக்கிள் என்பதுதான் இதில் முக்கியம். இங்கிலாந்தில் நஷ்டஈடு வழியும் உண்டு: பிராட்ஃபோர்டின் கார்டன் வாட்சன், 1997-ல் கால் முறிந்ததற்கு வழக்குப் போட்டு 9 லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார்.

அதே இங்கிலாந்தில் 2004-ல் பார்ன்ஸ் வழக்கில் அப்பீல் கோர்ட் ஒரு கடிவாளமும் போட்டது. விதியை மீறினான், ரெட் வாங்கினான் என்பதாலேயே குற்றவாளி ஆகிவிட மாட்டான், ரொம்பக் கொடுமையாக இருந்தால்தான் போலீஸ் வர வேண்டும் என்று. எனக்கும் அதுதான் சரி. ஒவ்வொரு ரெட் கார்டுக்கும் எஃப்.ஐ.ஆர். என்றால் ஒதியஞ்சாலை ஸ்டேஷனில் வேறு வேலை நடக்காது.

முத்தியால்பேட்டை மூர்த்தி:
போலீஸ் வந்துதான் ஆக வேண்டும் என்ற நிலைக்கு ஆட்டம் போவதும் உண்டு சார். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன், மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால். களத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள், இருவரையும் வெளியே அனுப்பினார் ரெஃப்ரி. அது கேலரியில் பற்றி, நெரிசலில் 16 ரசிகர்கள் செத்தார்கள். ஆட்டக்காரர்கள் சண்டை ஆட்டக்காரர்களோடு முடியும் என்று நினைக்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் ஸ்டாப்பர்:
விஏஆர் (வீடியோ பார்க்கும் ரெஃப்ரி) வந்த பிறகு ஒரு நல்லது: பொதுவாக ஆட்டம் திரும்பத் தொடங்கிவிட்டால் பின்னால் போய்ப் பார்க்க முடியாது, ஆனால் அடிதடி, துப்பல், கடி மாதிரி சிலவற்றுக்குப் போகலாம். டப்ளினிலும் முதலில் மஞ்சள்தான், விஏஆர் பார்த்துத்தான் சிவப்பாயிற்று. நம் ஐஎஸ்எல்லில் இன்னும் அது கிடையாது. 2025-26 சீசன் எப்போது தொடங்கும் என்பதே ரொம்ப நாள் தெரியாமல் கிடந்தது, விஏஆர் எங்கே கேட்பது.

ஓ.டி. கோல்கீப்பர் (பொண்ணுதான்):
வக்கீல் சார், ஒரு சந்தேகம். தம்பி ஆடும்போது அவனுக்கு 17 வயது. டோர்னமென்ட் ஃபாரத்தில் 'காயங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

பாகூர் வக்கீல்:
எல்லோரும் என்றால் யார்மா, நிர்வாகமா? அந்தக் கையெழுத்து நிர்வாகத்துக்கு ஏதோ கொஞ்சம் உதவலாம். அடித்தவனுக்கு அதில் ஒன்றுமே இல்லை, அவனோடு நீங்கள் எந்த ஒப்பந்தமும் போடவில்லையே. 17 வயதுச் சம்மதம் நான் சொன்ன பிரிவில் செல்லாது, அது பதினெட்டுக்கு மேல்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, யாராவது ஃபோனில் எடுத்த வீடியோ, இதெல்லாம் இருக்கிறதா? எந்த வருஷம் நடந்தது? தனிச் செய்தியில் அனுப்புங்கள், காலக்கெடு பார்த்துச் சொல்கிறேன்.

ஓ.டி. கோல்கீப்பர் (பொண்ணுதான்):
வீடியோ இருக்கு சார். யூடியூபில் நேரலை போட்டார்கள், இன்னும் கிடக்கிறது. அனுப்புகிறேன்.

உப்பளம் விசில்:
எனக்கும் அந்த லிங்கை அனுப்பும்மா. அன்றைக்கு விசில் பிடித்தவர் அறிக்கை எழுதிக் கொடுத்தாரா என்று விசாரிக்கிறேன். பொங்கல் செவன்ஸ் கமிட்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: ரெட் வாங்கினவனை அடுத்த ஆட்டத்தோடு விடாமல், அறிக்கையையும் வீடியோவையும் பார்த்துத் தடையை முடிவு செய்ய மூன்று பேரை இப்போதே போடுங்கள். ரொக்கப் பரிசு அறிவித்த பிறகு யாரும் கேட்க மாட்டீர்கள்.

வில்லியனூர் சிஆர்7:
எங்கள் கமிட்டியில் நாளைக்கே பேசுகிறேன் அண்ணே. மூன்று பேரில் ஒருத்தர் நீங்கள், வர முடியுமா? டீயும் வடையும் உண்டு, சம்பளம் கிடையாது.